விருந்தாளிக்கு மொண்ட தண்ணீர்

என் தொழில் பிள்ளைகளை அழவைப்பது. சர்க்கார் காகிதத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஊர்களில் என்னை ‘அம்ம குத்தறவரு’ என்பார்கள். ஒரு தோல்பை, அதில் அம்மைப்பால் குழாய்கள், கீறும் கத்தி, பஞ்சு, தடித்த பதிவேடு ஒன்று. மொரப்பூரிலிருந்து ஓசூர்வரை அப்போது ஒரு சின்ன ரயில் ஓடியது. அதில் ஏறி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்குவேன். அப்புறம் நடைதான். நான் வருகிற சேதி தெரிந்தால் போதும், தாய்மார்கள் பிள்ளைகளைக் கேழ்வரகுக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். கைக்குழந்தைக்கு ஒரு தரம், ஏழெட்டு வயதில் மறுபடி ஒரு தரம். இழுத்து வந்து மடியில் அழுத்திக் கையில் கீறினால் பிள்ளை வீல் என்று வாயைத் திறக்கும். அப்படி நான் பார்த்த வாய்களுக்குக் கணக்கில்லை.

அந்த வாய்களில்தான் நான் அதைக் கண்டேன். சில ஊர்களில் பால் பல் விழுந்து முளைத்த புதுப் பல்லில் காவி ஏறியிருக்கும். தேய்த்தாலும் சுரண்டினாலும் போகாது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த ஊரில் அதே சனம், அதே களி, அதே வெற்றிலை. பல் மட்டும் வெள்ளை. பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் காவிப் பல் ஊர்களின் பெயருக்கு நேரே ‘கா’ என்று ஓர் எழுத்துப் போட்டு வைத்தேன். குடிக்கிற கிணற்றில் ஏதோ இருக்கிறது என்று நாலைந்து வருஷமாகவே எனக்கு ஒரு நினைப்பு. ஒரு நாள் துணிந்து தர்ம ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்தார். என் பல்லும் காவிதான். ஒழுங்காகப் பல் விளக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அதுவரை சிரிக்கும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவன், அதற்கப்புறம் பேசும்போதும் பொத்த ஆரம்பித்தேன்.

இந்த நிலையில்தான் டவுன் ஹைஸ்கூலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சயன்ஸ் வாத்தியார் வந்து சேர்ந்தான். நேரில் ‘வாங்க சார், போங்க சார்’ என்றுதான் பேசினேன். மனசுக்குள் அவன்தான். இத்தனை வயதுக்கு மேல் எதற்கு வேஷம், அப்படியே சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மறுபாதிக்குக் குடிவந்தான். என் பெண்டாட்டி பிள்ளை சொந்த ஊரில் இருந்தார்கள். எனக்கு மாதத்தில் பாதி நாள் சுற்றுப்பயணம், டவுனில் ஓர் அறை போதும். அவனோ வந்த நாலாம் நாளே என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்குச் சீமையிலிருந்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகை வரும். கப்பலில் வந்து, மொரப்பூரில் இறங்கி, சின்ன ரயிலில் ஏறி, இரண்டு மாதம் பழசாகி வந்து சேரும். அது வந்த நாள் சாயங்காலம் காபி கிளப்பில் அவனைச் சுற்றிக் கூட்டம். சூரியனுக்கு ஒன்பதாவது கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பான். அரிசியின் தவிட்டிலும் எலுமிச்சையிலும் உயிர்ச்சத்து இருக்கிறது என்பான். பிரபஞ்சம் ஊதிக்கொண்டே போகிறதா இல்லையா என்று வெள்ளைக்காரப் பண்டிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்பான். மண்டிக்காரர்களும் குமாஸ்தாக்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். இருபது வருஷமாக அந்த ஊர்களை என் காலால் அளந்தவன் நான். என்னை ஒருத்தனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கிளப்பின் மூலை பெஞ்சில் உட்கார்ந்து ஆறின காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன்.

ஒரு நாள் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. அமெரிக்காவில் சில ஊர்களில் பல்லில் காவி ஏறுகிறதாம். தண்ணீரில் ஃப்ளோரின் என்று ஒரு பொருள் அதிகமாக இருப்பதுதான் காரணமாம். நம் மதராஸ் ராஜதானியிலேயே ஆந்திரப் பக்கம் இப்படி ஊர்கள் இருக்கின்றனவாம். சொல்லிவிட்டு என் பல்லைப் பார்த்தான். டாக்டர் பார்த்த மாதிரி இல்லை, ஏதோ புதையல் பார்த்த மாதிரி பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கண்ணால் கண்டதை இவன் காகிதத்தில் படித்துவிட்டு எனக்கே சொல்ல வருகிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கௌரவம் விடவில்லை. பதிவேட்டைத் திறந்து கடைசிப் பக்கங்களைக் காட்டினேன்.

அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. நான் கையை உருவிக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கிளம்பிவிடுவான். ‘கா’ போட்ட ஊர், போடாத ஊர், இரண்டிலும் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டி, மதராசில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்காகச் சேர்த்தான். ஊர், பல், தண்ணீர் என்று கட்டம் போட்டு ஓர் அட்டவணையும் எழுதிவந்தான். பாட்டில்களைக் கொதிக்கும் தண்ணீரில் அவனே கழுவுவான். ஊர்க்காரர்கள் மொண்டு தர வந்தாலும் விடமாட்டான். தன் கையாலேயே கயிறு விட்டு இறைப்பான். தண்ணீர் கைமாறினால் கணக்குத் தப்பிப்போகும் என்பான். வழி தெரிந்தவன் நான், பாஷை தெரிந்தவன் நான், மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் பேசிச் சமாதானம் பண்ணியவனும் நான். பாட்டில் மட்டும் அவனுடையது.

வேலை முடியும் தறுவாயில் வாசகசாலையில் ஒரு கூட்டம் போட்டான். ஜில்லா போர்டு மெம்பர் ஒருவர் தலைமை. டாக்டர் முன்வரிசையில் இருந்தார். காவிப் பல்லுக்குக் காரணம் வெற்றிலையும் பரம்பரையும்தான் என்று அவர் கட்சி. தண்ணீரில் இரும்பு என்று கணக்கு வாத்தியார் ஒருவர் கட்சி. இவன் எழுந்து ஒரு மணி நேரம் பேசினான். நன்றாகத்தான் பேசினான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்து முடிவு தண்ணீர்தான் என்று வந்தால், பல் மிக மோசமாக உள்ள ஊருக்கு வேறு நல்ல தண்ணீர் கிடைக்க ஏற்பாடு செய்வதாக மெம்பர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பல் மிக மோசமான ஊர் எது என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என் சொந்த ஊர்தான்.

பேச்சை முடிக்கும்போது என்னைக் கை காட்டினான். "அண்ணன் எனக்கு வழிகாட்டி. இவர் இல்லேன்னா எனக்கு எந்த ஊருக்கும் வழி தெரியாது" என்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். வழிகாட்டி! ரயிலடியில் மூட்டை தூக்கி முன்னால் நடப்பவனுக்கும் அதுதான் பெயர். இருபது வருஷப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஊருக்குப் போனோம். சேர்க்க வேண்டியதில் அதுதான் கடைசி. ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் நடை. பாதி வழியில் புதுச் செருப்பு அவன் காலைக் கடித்துக் கொப்புளம் போட்டுவிட்டது. நொண்டிக்கொண்டே வந்து என் வீட்டு வாசல் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தான். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். பால் பல், பளிச்சென்று இருந்தது. அவன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது கிரகத்தையும் விரலில் எண்ணிக் காட்டினான். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்க்கிணறு வீட்டுக்குக் கிழக்கே பத்து வீடு தள்ளி இருக்கிறது. நாங்கள் குடிப்பது, களி கிண்டுவது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். ஆனால் விருந்தாளி வந்தால் அதைக் கொடுக்க மாட்டோம். மேற்கே ஒன்றரை மைல் தள்ளி ஓடை. மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிய விட்டு, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் நிரப்பிவருவார்கள். சம்பந்தி வந்தாலும் சர்க்கார் ஆள் வந்தாலும் ஓடைத் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அது வீட்டு மனிதருக்கு, இது வந்தவருக்கு, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரை நீட்டினால் வந்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டான். கால் வலியோடு கிணற்றடிக்கு நடக்க முடியவில்லை. தண்ணீர் கைமாறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன், என் வீடு என்பதால் அன்று விட்டுக்கொடுத்தான். பாட்டிலை என் மனைவியிடம் கொடுத்து, ஊர்த் தண்ணீரை இதில் நிரப்பித் தாருங்கள், மதராசில் பெரிய பண்டிதர்கள் பரிசோதிப்பார்கள் என்றான். சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் தூங்கிப்போனான்.

அவள் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு பித்தளைக் குடத்தை எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "என்னா பல்லுங்க அந்த வாத்தியாருக்கு. மல்லிப்பூவாட்டம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது எங்கே போய்த் தைத்ததோ! கல்யாணமான பத்து வருஷத்தில் அவள் என் பல்லைப் பற்றி நல்லதாகவோ பொல்லாததாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாசலைத் தாண்டினாள். கிழக்கே திரும்பவில்லை. மேற்கே திரும்பினாள்.

நான் பார்த்தேன். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் எல்லாம் தெரிந்தது. மதராசுக்குப் போகிற தண்ணீர், பெரிய மனிதர்கள் பார்க்கிற தண்ணீர். அவள் வளர்ந்த வளர்ப்புக்கு அதைக் கிணற்றில் மொள்ள மனசு வராது. ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பாள். குரல் கொடுக்கவில்லை. போகட்டும், இவன் அட்டவணை எப்படி ஒழுங்காக வருகிறது பார்ப்போம் என்று நினைத்தேன். அப்படியே இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

வெயில் தாழ்ந்தபோது வந்தாள். குடத்தின் அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. பாட்டிலை நிரப்பி மூடி அவனிடம் கொடுத்தாள். அவன் எழுந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"கிணத்துத் தண்ணிதானே அண்ணே?"

"ஆமா" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னேன். அவன் சீட்டில் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டினான்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ‘கா’ போட்ட ஊர்களில் எல்லாம் ஃப்ளோரின் கூடுதல். போடாத ஊர்களில் குறைவு. பல் மிக மோசமான என் ஊரில் மட்டும் தண்ணீர் சுத்தம். வாசகசாலையில் டாக்டர் அந்தக் காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். தண்ணீர் சுத்தம், பல் காவி, அப்புறம் என்ன சயன்ஸ் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஒரே ஓர் ஊர் ஒத்துவரவில்லை என்றால் மற்றதெல்லாம் தற்செயலாக இருக்கலாம் என்று மெம்பரும் சொன்னார். நல்ல தண்ணீர் ஏற்பாட்டுப் பேச்சு அதோடு நின்றது. வாத்தியார் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அன்று இரண்டு காபி குடித்தேன்.

மறுபடி ஒரு தடவை உங்கள் ஊருக்குப் போய்த் தண்ணீர் எடுக்கலாமா என்று கேட்டான். கோடை வந்துவிட்டது, அம்மை பரவுகிறது, எனக்கு ஒழிவில்லை என்றேன். அது பொய்யில்லை. தனியாகப் போகப் பார்த்தான். அதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நான் தப்பாவே இருக்கட்டும் அண்ணே. ஆனா பாப்பாவுக்கு மட்டும் உங்க ஊரு ஓடைத் தண்ணி குடுங்க. மணல் ஊத்துல இந்த ஃப்ளோரின் அதிகம் இருக்காது. எட்டு வயசு வரைக்கும் குடுத்தா போதும். வர்ற பல்லு உள்ளே இப்பவே உருவாகிட்டிருக்கு. நான் சொன்னது தப்புன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லே."

சரி என்று தலையாட்டினேன். வண்டி போனதும் கதவைச் சாத்தினேன்.

ஒரு நாளைக்கு ஒரு செம்பு ஓடைத் தண்ணீர். அவ்வளவுதான் அவன் கேட்டது. என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் தினமும் கொண்டுவந்திருப்பாள். ஓடைப்பக்கம் போகிற பெண்கள் எத்தனையோ பேர். நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். என் வீட்டுக்குள், என் பிள்ளையின் செம்பில், தினம் தினம் அவன் ஜெயித்துக்கொண்டே இருப்பான். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவள் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு வயதில் முன்பல் விழுந்தது. கூரையில் எறிந்தோம். புதுப்பல் சுண்ணாம்பு பூசினது போல ஒளியில்லாத வெள்ளையாக முளைத்தது. வெள்ளைதானே என்று எனக்கு ஓர் அற்ப நிம்மதி. பாரடா உன் சயன்ஸை என்று எங்கேயோ இருக்கிறவனிடம் மனசுக்குள் சவால் விட்டேன். ஒன்றிரண்டு வருஷத்தில் காவி ஏறியது. என்னுடையதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் ஏதோ சொன்னார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாம்பலும் செங்கல் தூளும் வைத்து ஈறு கிழிய விளக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிக்கும்போது வாயைப் பொத்த ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

உலகச் சண்டைக் காலத்தில் சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எனக்குக் காலில் வாதம் வந்து வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். அணுகுண்டு போட்ட வருஷம், எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸில் வந்த தபாலில் எனக்கு ஒரு தடித்த கவர் வந்தது. எனக்குக் கண் மங்கல். மகளைப் படிக்கச் சொன்னேன். பன்னிரண்டு வயது, இங்கிலீஷ் எழுத்தும் கூட்டிப் படிப்பாள்.

வாத்தியார்தான் எழுதியிருந்தான். அணுவைப் பிளந்துவிட்டார்கள், பூஞ்சையிலிருந்து மருந்து எடுத்துவிட்டார்கள், பல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம் எல்லா நாட்டிலும் ஊர்ஜிதமாகிக்கொண்டிருக்கிறது. தன் அட்டவணையில் எங்கள் ஊர் ஒன்று மட்டும் இத்தனை வருஷமாகத் தன்னை உறுத்துகிறது என்று எழுதியிருந்தான். அன்று தான் தூங்கிவிட்டதாகவும், பாட்டிலைக் கழுவியதில் தன்னுடைய தப்பு ஏதாவது இருக்குமா என்றும் கேட்டிருந்தான். பாப்பா எப்படி இருக்கிறாள், பல் வெள்ளையாக முளைத்ததா என்று ஒரு வரி. அவள் அந்த வரியையும் நிறுத்தாமல் படித்தாள். மதராசுக்கு அந்தக் காலத்தில் அனுப்பிய அட்டவணையின் நகல் ஒன்றும் உள்ளே இருந்தது.

அவள் அதை விரித்து வைத்து எழுத்துக் கூட்டினாள். மேலே, கண்டவர்கள் என்ற இடத்தில், இரண்டு பெயர். முதல் பெயர் என்னுடையது. அவனுடையது அதற்குக் கீழே இருந்தது.

நான் அவளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். அப்புறம் விரலை ஓட்டி எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்தாள்.

"நம்ம ஊருத் தண்ணி நல்ல தண்ணின்னு போட்டிருக்குதுங்கப்பா."

பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நல்ல தண்ணிதான். நான்தான் ஓடைக்குப் போயி மொண்டாந்தேன். பெரியவங்க பாக்கற தண்ணிய கெணத்துலயா மொண்டு குடுப்பாங்க? உங்கப்பாதான் பாத்துக்கிட்டே நின்னாரே."

மகள் காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வழக்கம்போல அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. அதை எடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியுங்களாப்பா?"

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. உள்ளே போய் மைக்கூடும் காகிதமும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். சொல்லுங்க, எழுதறேன் என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாட்டிலில் தப்பில்லை, தண்ணீர் ஓடையுடையது, அது எனக்கு அப்போதே தெரியும், பொறாமையால் சொல்லாமல் இருந்துவிட்டேன். பொறாமை என்ற சொல்லுக்கு முன்னால் பேனா கொஞ்சம் நின்றது. எதற்குப் பொறாமை என்று அவள் கேட்கவில்லை. குழந்தைக்கு ஓடைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னதையும் நான் செய்யவில்லை என்றேன். அதையும் எழுதினாள்.

அடியில் கையெழுத்துப் போடக் கொடுத்தபோது கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு தடவை பார்த்தேன். நான் சொல்லாத வரி ஒன்று கடைசியில் இருந்தது. ‘அப்போது எனக்கு வயது நான்கு’ என்று எழுதியிருந்தாள்.

அதை அடிக்கவில்லை. கீழே என் பெயரைப் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தேன்.